ஆள் குறைந்த பக்கம்

அவளோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்க முடியாது. முதலில் ஒரு அணிக்குக் கை தட்டுவாள். அந்த அணி நன்றாக ஆட ஆரம்பித்ததும் கட்சி மாறிவிடுவாள். பெங்களூர் அணியே ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி, ஊரே விசிலடித்துக்கொண்டிருந்தாலும் சரி, அவள் கண் எதிரணியில் கடைசியாக மட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் மேல் இருக்கும். அவனுக்கும் வீட்டில் டிவி பார்க்கிற அம்மா இருப்பாங்க இல்லையா என்று கேட்பாள். கேட்டுவிட்டு நிஜமாகவே கவலைப்படுவாள்.

காக்ஸ் டவுன் மார்க்கெட் ஓரத்தில் இரண்டு பானிபூரி வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் எப்போதும் கூட்டம். இன்னொன்றில் வண்டிக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். அவள் ஈ ஓட்டுகிறவரிடம்தான் போவாள். ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் உப்புக் கரித்தது, பூரி நமத்துப் போயிருந்தது, எனக்கு இரண்டாவது பூரியே இறங்கவில்லை. அவள் முழுத் தட்டையும் தின்று முடித்து, "சக்கத்தா இருக்கு அண்ணா" என்று கன்னடம் கலந்து அவரைப் பாராட்டிவிட்டு வந்தாள். திரும்புகிற வழியெல்லாம் என் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தாள்.

மாதா கோயிலுக்கும் அப்படித்தான். தமிழ்ப் பூசைக்கு ஜனம் வாசல் தாண்டி ரோடு வரை நிற்கும் என்பதால், மத்தியானம் நாலைந்து கிழவர்கள் மட்டும் வருகிற ஆங்கிலப் பூசைக்குப் போய் முன் பெஞ்சில் உட்காருவாள். ஜெபத்துக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டாமா என்பாள். சாமியார் பலிபீடத்திலிருந்து அவள் வந்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாராம். இது அவளே சொன்னது. கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கலாம்.

எனக்கு அவளைத் தெரிந்தது மல்லேஸ்வரத்தில், எங்கள் வானொலி நேயர் வட்டத்தில். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையில் கூடுவோம். நடத்துகிறவர் ராவ் சார். தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். பழைய செட்டுகளைச் சேர்க்கிறவர்கள், தூரத்து நிலையங்களைப் பிடித்து மகிழ்கிறவர்கள், சும்மா காபிக்கு வருகிறவர்கள் என்று எல்லா தினுசும் உண்டு.

வட்டத்தில் ஒரு வழக்கம். எதைப் பற்றி விவாதம் நடந்தாலும் கை தூக்குவது கிடையாது. ஆதரிக்கிறவர் தன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போக வேண்டும், எதிர்க்கிறவர் கதவுப் பக்கம். கை தூக்குகிறவன் பக்கத்து ஆளைப் பார்த்துத் தூக்குவான், நாற்காலியை இழுக்கிறவன் எழுந்திருக்கிற நேரமாவது யோசிப்பான் என்பது ராவ் சாரின் கொள்கை. பேச்சின் நடுவில் மனசு மாறினாலும் நாற்காலியோடு இடம் மாறலாம். கீழே ஸ்வீட் கடைக்காரர், மேலே இழுக்கிற சத்தத்தை வைத்தே இன்றைக்குச் சண்டை எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடுவார்.

அந்தச் சமயத்தில் எஃப்.எம். ஒலிபரப்பை டிஜிட்டலாக்கலாமா, எந்த முறையில், எப்படி என்றெல்லாம் அரசுத் தரப்பில் கருத்துக் கேட்டிருந்தார்கள். எங்கள் வட்டமும் ஒரு கடிதம் அனுப்புவதாக முடிவானது. அனுப்புவதற்கு முன் சில கூட்டங்கள் பேசி, கடைசியில் எந்தப் பக்கம் நாற்காலி அதிகமோ அந்தப் பக்கத்தின் கருத்தை எழுதுவது என்று ராவ் சார் சொல்லிவிட்டார்.

நான் அப்போதுதான் கார் டேஷ்போர்டுகளுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனியில் சேர்ந்திருந்தேன். டிஜிட்டல் வானொலியைப் பற்றி நான் தூக்கத்தில்கூடப் பேசுவதாக அக்கா வீட்டில் கேலி செய்வாள். முதல் கூட்டத்தில் எழுந்து மூச்சு விடாமல் பேசினேன். ஒரே அலைவரிசையில் மூன்று நாலு சேனல்களை அனுப்பலாம். பாட்டின் பெயர் எழுத்தில் ஓடும். வெள்ளம் வந்தால் செட் தானாக விழித்துக்கொண்டு எச்சரிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், இடம் இல்லை இடம் இல்லை என்று சொல்லியே இந்த ஊரில் ஒதுக்கி வைத்த பாஷைகளுக்கெல்லாம் இடம் கிடைக்கும், பெங்களூரிலிருந்தே நாள் முழுக்கத் தமிழில் ஒரு சேனல் வரலாம்.

எனக்கு எதிராகப் பேசியவர் அந்தோணி அண்ணன். ஜோகுபாளையத்தில் கார், ஆட்டோக்களுக்கு செட் மாட்டிக்கொடுக்கிற கடை வைத்திருப்பவர். பெரிய குரல், பெரிய சிரிப்பு. தன்னிடம் வருகிற ஆட்டோக்காரர்கள் இருக்கிற செட்டை எங்கே போடுவார்கள், உங்க டேஷ்போர்டிலா என்று கேட்டார். போனில் டிஜிட்டல் ரேடியோ வருமா என்று கேட்டார். இப்போதைக்கு வராது என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. நாற்காலிகள் கதவுப் பக்கம் தரதரவென்று போயின. ஜன்னல் ஓரத்தில் நான் ஒருத்தன், முகம் எரிய, வெளியே எட்டாவது குறுக்குத் தெருவில் பூக்காரம்மா யாரோடோ சண்டை போடுவதைக் கவனிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒரு நாற்காலி தனியாக இழுபட்டு வந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக வட்டத்துக்கு வந்திருந்த பெண். என்னைவிட ஒரு வயது பெரியவளாக இருக்கலாம். பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "என்ன குரு, இவ்ளோ நல்லா பேசிட்டு இப்படித் தனியா உக்காந்திருக்க" என்றாள். குரு என் பெயர் இல்லை, இந்த ஊரில் சிநேகமாக யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பிறகு எழுந்து பேசினாள். ஜீவனஹள்ளிக்காரி, காது மெஷின் விற்கிற கடையில் வேலை. பழைய காது மெஷின் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கிக் கொடுக்கும், கரண்டி விழுவதும் பேத்தி பேசுவதும் ஒன்றாகவே மண்டையில் இடிக்கும், டிஜிட்டல் மெஷின் வந்த பிறகுதான் பேச்சு தனியாக, இரைச்சல் தனியாகப் பிரிந்தது என்று விளக்கினாள். அந்த மெஷினை முதன்முதலாக மாட்டிக்கொள்கிறவர்களின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் நீங்கள் யாரும் அந்தப் பக்கம் உட்கார மாட்டீர்கள் என்றாள். கோபமே இல்லாமல், ஏதோ பக்கத்து வீட்டுச் சேதி சொல்கிற மாதிரி சொன்னாள். இரண்டு நாற்காலிகள் எங்கள் பக்கம் வந்தன.

அன்றைக்குக் காபிக்கும் அவள் என்னோடுதான் பைட்டூ போட்டாள். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பங்கு போடுவதற்கு எல்லோரும் ஜோடி சேர்ந்த பிறகு மிஞ்சி நிற்கிறவரைத் தேடித்தான் அவள் போவாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டேன்.

நினைத்துக்கொண்டது நாளாக ஆக வளர்ந்தது. ஆபீஸ் விட்டதும் ஏதாவது சாக்கு வைத்து காக்ஸ் டவுன் பக்கம் போவேன். அவள் கடை வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். கடையில் அவள் செய்கிற கூத்து பெரிசு. ஒரு பெரியவரை மகன், மருமகள், பேரன் எல்லோரும் சேர்ந்து பிடித்துக்கொண்டு வருவார்கள், இவருக்குக் கட்டாயம் மெஷின் வேண்டும் என்று. பெரியவர் வேண்டாம் என்பார். இவள் பெரியவர் பக்கம் சேர்ந்துகொண்டு, அவருக்கு இந்தக் காதில் இன்னும் நன்றாகத்தானே கேட்கிறது, கொஞ்ச நாள் போகட்டுமே என்பாள். மேனேஜர் உள்ளே இருந்து இருமுவார். மேனேஜர் ஒருநாள் என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்: "ஒங்க ஃபிரெண்டு சம்பளம் எங்ககிட்ட வாங்குது, வக்காலத்து அந்தப் பக்கம் வாங்குது." ஆனால் இவள் பேச்சைக் கேட்டுக் குடும்பம் முழுக்க, சரி வேண்டாம், வா போகலாம் என்று எழுந்தால், அங்கேதான் வேடிக்கை. சட்டென்று தனியாக நிற்பது மெஷின்தான் என்று அவளுக்குத் தோன்றுமோ என்னமோ, அவர்களை உட்கார வைத்து மெஷினின் நியாயத்தை எடுத்துச் சொல்ல ஆரம்பிப்பாள். முடிவில் விற்றும் விடுவாள். அதனால்தான் வேலை போகவில்லை.

இதெல்லாம் பார்த்தும் எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று தெரியவில்லை. நான் அதைக் குறும்பு என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அவள் என் பக்கத்தில் உட்கார வேண்டும், எப்போதும். அதற்கு வழி, எங்கள் பக்கத்தை ஜெயிக்க வைப்பது என்று தீர்மானித்தேன்.

வட்டத்தில் இருந்த ஒவ்வொருவரையும் பிடித்தேன். ஒருவர் வீட்டில் போய் அவருடைய மொட்டை மாடி ஆன்டெனாவைத் திருப்பிக் கொடுத்தேன். ராவ் சாரோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை தோசைக் கடையில் வரிசையில் நின்றேன். பழைய ஒலிபரப்பை மூடச் சொல்லவில்லை சார், ஒரே கோபுரத்திலிருந்து இரண்டும் சேர்ந்தே போகட்டும் என்று வாதாடினேன். கூட்டத்துக்குக் கூட்டம் ஜன்னல் பக்கம் நாற்காலி கூடியது. ஒவ்வொரு நாற்காலி வரும்போதும் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன், பார், உனக்காகப் பிடித்து வந்திருக்கிறேன் என்கிற மாதிரி. அவள் சிரிப்பாள். ஆனால் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. வருகிறவர்களுக்கு இடம் விட்டு விட்டு அவள் நாற்காலி சுவர் ஓரத்துக்குப் போய்விட்டது.

ஆபீஸில் சோதனைக்கு வைத்திருந்த ஒரு டிஜிட்டல் செட்டை அனுமதி வாங்கி அப்பாவின் காரில் மாட்டி அவளை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். எஃப்.எம்.மில்தான் விவாதம், மத்திய அலையில் டிஜிட்டலாக ஒரு ஒலிபரப்பு ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. அல்சூர் தாண்டி ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் போனோம். கன்னடத்தில் ஒரு அம்மாள் ராகி பயிருக்கு வருகிற நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவு சுத்தம். அந்த அம்மாள் நாக்கை உதட்டில் ஈரப்படுத்திக்கொள்வதுகூடக் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இதே ரோட்டில் நேராகப் போனால் அவள் அம்மாவின் ஊர், கோலார் தங்கவயல் என்றாள். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போது பஸ் டிரைவர் வைத்த பாட்டு ஊரை விட்டு வெளியே போகப் போக இரைச்சலாகி, இரைச்சலுக்குள் பாட்டாகி, அப்புறம் வெறும் இரைச்சலாகிவிடுமாம். அதை வைத்தே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று சொல்லுவாளாம்.

பாலத்துக்கு அடியில் வண்டிகள் நெருக்கி நின்றன. செட் சட்டென்று ஊமையானது. ஒரு உர்ர் இல்லை, கரகரப்பு இல்லை. ராகி அம்மாள் பாதி வார்த்தையில் காணாமல் போனார்.

"எங்க போனாங்க?" என்றாள்.

டிஜிட்டல் அப்படித்தான், வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் இல்லை என்று விளக்கினேன். பாலம் தாண்டியதும் திரும்பி வந்துவிடும் என்றேன். அந்த அமைதியில், முன்னால் நின்ற லாரியின் பின்பலகையைப் பார்த்துக்கொண்டு, சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவளும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தேன். லாரி நகர்ந்தது. ராகி அம்மாள் அடுத்த வாக்கியத்தின் நடுவிலிருந்து பளிச்சென்று பேச ஆரம்பித்தார்.

கடிதம் அனுப்புவதற்கு முந்திய கடைசிக் கூட்டம் வந்தது. ராவ் சார் கேள்வியைப் படித்தார். எல்லோரும் இழுத்தோம். கீழே ஸ்வீட் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்திருப்பார், அவ்வளவு சத்தம். சத்தம் அடங்கியதும் பார்த்தால் கதவுப் பக்கம் அந்தோணி அண்ணன் மட்டும். கையைக் கட்டிக்கொண்டு, பெரிய சிரிப்பில் பாதியைக் காணோம். ஜன்னல் பக்கத்தில் எங்களுக்கு முழங்கால் இடித்தது. நான் ஜெயித்துவிட்டேன். திரும்பி அவளைத் தேடினேன்.

அவள் எழுந்து நின்றாள். நாற்காலியை எடுத்துக்கொண்டாள். இழுக்கவில்லை, தூக்கிக்கொண்டு போனாள். அறையைக் கடந்து போய் அந்தோணி அண்ணன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அங்கே இருந்து எங்களைப் பார்த்துப் பேசினாள். ஒரு பெரியவர் டிஜிட்டல் காது மெஷினை ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், பேச்செல்லாம் கேட்குது பாப்பா, ஆனா என் தெருவைக் காணோம் என்றாராம். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"பழசுல சிக்னல் போறப்ப கொஞ்சம் கொஞ்சமா மங்கும். போறேன்னு சொல்லிட்டுப் போகும். உன்னோடது சட்டுனு நின்னுடும்."

எல்லோரும் கை தட்டினார்கள், எங்கள் பக்கத்துக்காரர்களும். யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை. முடிவு முடிவுதான். அந்தோணி அண்ணன் மட்டும், வந்துட்டியா என் தங்கச்சி என்று சொல்லி ஒரு முழுக் காபியை அவளுக்காகவே வாங்கப் போனார்.

மாடிப்படியில் அவளைப் பிடித்தேன். அவர் சொல்வதில் உனக்கே நம்பிக்கை கிடையாதே, அப்புறம் ஏன் என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

"அவர் தனியா உக்காந்திருந்தார்ல?"

"முதல் நாள் என் பக்கத்துல வந்ததும் அதுக்குத்தானா?"

"பின்ன எதுக்கு?" என்றாள். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டாள். நானும் உட்கார்ந்தேன். அப்போதுதான் வீட்டைப் பற்றிச் சொன்னாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பா கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டு மாதாவை வணங்காத ஒரு ஜெப சபையில் சேர்ந்துவிட்டார். அம்மாவும் இரண்டு அண்ணன்களும் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரே ஹாலில் அவர் ஒரு மூலையில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவார். இவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சபைக்கும் கூடவே போனாள். கை தட்டிப் பாடுவது அவளுக்கு வரவே வராதாம், ஆனாலும் போனாள். பிறகு பெரியண்ணன் மனசு மாறி சபைக்கு வந்தான். கல்யாணமாகி வந்த அண்ணியும் வந்தாள். சின்னண்ணனும் வந்தான். ஒருநாள் சாப்பிட உட்காரும்போது பார்த்தால் அப்பாவைச் சுற்றி எல்லோரும், அந்தப் பக்கம் மாதா படத்துக்குக் கீழே அம்மா மட்டும். இவள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அப்பா அன்னைக்குச் சாப்பிடவே இல்ல குரு. அவருக்கு நான் எதிரியாப் போன மாதிரி. அவங்கவங்க பக்கம் நியாயம் இருக்குது, அது அவங்கவங்க பாத்துக்குவாங்க. யாராவது போயி உக்காரணுமில்ல?"

நான் இதற்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். என் விஷயத்தைத்தான் சொன்னேன். "நீ என் பக்கத்துல இருக்கணும்னுதான் இத்தனை பேரையும் பிடிச்சுட்டு வந்தேன்."

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. "அதான். இத்தனை பேரைப் பிடிச்சுட்டு வந்துட்டியே. எனக்கு எடம் எங்க?"

என் வீடு அவளுக்குத் தெரியும். ஒருமுறை அம்மா கூப்பிட்டு வந்திருக்கிறாள். அப்பா, அம்மா, அக்கா, அத்தான், தாத்தா காலத்திலிருந்து மல்லேஸ்வரத்திலேயே சுற்றிச் சுற்றி வீடு கட்டிக்கொண்ட உறவுகள், ஒரே நேரத்தில் ஐந்து பேர் பேசி ஐந்து பேரும் கேட்டுக்கொள்கிற கூடம். அன்றைக்கு அவள் எங்கள் வீட்டில் பேசியது முக்கால்வாசி நேரம் வேலைக்கு வருகிற கௌரம்மாவோடு, அடுக்களை வாசலில் நின்றுகொண்டு. உன் வீடு நல்ல வீடு என்று போகும்போது சொன்னாள். அதில் இருந்த தூரம் இப்போதுதான் எனக்குக் கேட்கிறது.

கொஞ்ச நாளில் அவள் வீட்டில் சுண்ணாம்பு அடித்தபோது இறக்கிய மாதா படத்தை யாரும் திரும்ப மாட்டவில்லை. அவள் அம்மா படத்தைப் புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு தங்கவயலில் தன் தகப்பனார் விட்டுப் போன சின்ன வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இவளும் கூடப் போய்விட்டாள். காது மெஷின் கடைக்கு அங்கே கிளை இல்லை. ஒரு கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். முதலில் தினமும் மெசேஜ் வரும். அப்புறம் வாரத்துக்கு. அப்புறம் பண்டிகைக்கு. அவள் சொன்ன பழைய ரேடியோ மாதிரிதான், கொஞ்சம் கொஞ்சமாக.

வட்டத்திலும் காற்று திரும்பியது. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை. இதோ வருது, அதோ வருது என்று நான் சொல்லிக்கொண்டிருந்த செட்டுகள் கடைக்கு வரவில்லை. புதுக் கார்கள் சிலவற்றில் இருந்தது, அதுவும் மத்திய அலைக்கு. போனில் வருமா என்று அந்தோணி அண்ணன் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார், கேட்டுவிட்டுச் சிரிப்பார். ராவ் சார் மறுபடி ஒரு கடிதம் அனுப்பலாமா, நம் கருத்தைத் திருத்திக்கொள்ளலாமா என்று ஆரம்பித்தார். நாற்காலிகள் ஒன்றொன்றாகக் கதவுப் பக்கம் நகர்ந்தன. கடைசியில் ராவ் சாரே போனார். ஜன்னல் ஓரத்தில் மறுபடி நான் ஒருத்தன்.

உள்ளதைச் சொன்னால் எனக்கு வருத்தமாக இல்லை. உள்ளுக்குள் குதித்தது. அன்றைக்கே அவளுக்கு எழுதினேன்: இப்ப நான் மட்டும்தான் இந்தப் பக்கம். ஒரு கட்டை விரல் பதிலாக வந்தது. அடுத்த கூட்டத்திலும் நான் மட்டும்தான் என்று எழுதினேன். அதற்கடுத்ததிலும். மற்றவர்கள் சொல்வதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லவில்லை. யாராவது லேசாகச் சலனப்படுகிற மாதிரி தெரிந்தால் பேச்சை மாற்றினேன். பேசினால் யாராவது வந்துவிடுவார்களே. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பக்கத்தில் ஒரு நாற்காலிக்கு இடம் விட்டு. பையன் பிடிவாதக்காரன் ஆகிட்டான் என்று ராவ் சார் சொன்னார்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள்.

அப்பாவைப் பார்க்க ஜீவனஹள்ளி வந்தவள், ரயிலுக்கு நேரம் இருக்கிறதென்று மெட்ரோ பிடித்து வந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். குடையை மடக்கி வாசலில் வைத்தாள். அந்தோணி அண்ணன் தங்கச்சி தங்கச்சி என்று எழுந்தே விட்டார். அம்மா எப்படி இருக்காங்க என்று ராவ் சார் கேட்டதற்கு, தங்கவயலில் அம்மாவுக்குத் தெரு நிறைய கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள், சாயங்காலமானால் தனக்கே வீட்டில் இடம் இல்லை என்றாள். சொல்லிக்கொண்டே அறையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அத்தனை பேர். இந்தப் பக்கம் நான்.

ஒரு நாற்காலியை எடுத்தாள். என் பக்கம் வந்தாள். என் நெஞ்சு அடிப்பது கீழே ஸ்வீட் கடைக்கே கேட்டிருக்கும். நான் விட்டு வைத்திருந்த இடத்தில் நாற்காலியை வைத்தாள். உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"நீ நெஜமாவே நம்பி இங்க உக்காந்திருக்கியா? இல்ல, நான் வருவேன்னு உக்காந்திருக்கியா?"

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். வேகமாகப் பேசுகிறவன் என்று பெயர் எடுத்தவன் நான். நம்பித்தான் என்றால் பொய்யாகுமா, நீ வருவாய் என்றுதான் என்றால் போய்விடுவாளா என்று இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தேன். அவள் காத்திருந்தாள். அப்புறம் நாற்காலியை விட்டுக் கையை எடுத்தாள்.

"தனியா இருக்கறவங்கள பாத்தா எனக்குத் தெரியும் குரு. நீ தனியா இல்ல. காத்துட்டிருக்க."

என் தோளில் ஒரு தட்டு தட்டினாள். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். குடையை எடுத்துக்கொண்டாள். படியில் செருப்புச் சத்தம் இறங்கி, தெரு இரைச்சலோடு கலந்து, எது அவள் சத்தம் எது தெருச் சத்தம் என்று தெரியாமல் போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ராவ் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி, கடிதத்தை எழுதிவிடலாமா என்றார். யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று வழக்கம் போல் கேட்டார்.

எழுந்து நின்றேன். யாரையும் பிடிப்பதற்காக இல்லை. அவள் கேட்ட கேள்வி உடம்பில் நின்றுகொண்டிருந்தது, அதற்குப் பதில் தெரிய வேண்டியிருந்தது. செட் இல்லை என்பது உண்மை என்றேன். பாலத்துக்கு அடியில் நின்றுபோகும் என்பதும் உண்மை, போறேன் என்று சொல்லாமல் போகும். பழசை யாரும் மூடக் கூடாது என்று நாமே எழுதுவோம். ஆனால் இந்த ஊரில் யார் யாருக்கு என்று அலைகளைப் பிரிக்கிற அன்றைக்கு, எங்களுக்கும் ஒரு சேனல் வேண்டும் என்று ஒரு கடிதமாவது அங்கே இருக்க வேண்டாமா? அந்தோணி அண்ணன் கடையில் சாயங்காலம் இருட்டினதும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவரைப் பார்த்தே சொன்னேன். "பார்டருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற தமிழை அந்த இரைச்சலுக்குள்ள தேடித் தேடி முள்ளைத் திருப்புறீங்களே அண்ணா. அது நம்ம ஊர்லேர்ந்தே வந்தா உங்களுக்கு வேண்டாமா?"

பேசி முடித்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. நம்பித்தான் உட்கார்ந்திருந்தேன். முதல் நாளிலிருந்தே நம்பித்தான். அதை அவளிடம் சொல்ல, கொஞ்ச நேரம் முன்னால் வாய் வராமல் போய்விட்டது. இப்போது மெட்ரோ ஏறியிருப்பாள்.

கதவுப் பக்கம் அந்தோணி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உன்னோட பெரிய பேஜாரு தம்பி என்று முனகிக்கொண்டே எழுந்தார். அவருடைய நாற்காலி அறையின் குறுக்கே தரதரவென்று இழுபட்டு வந்தது.

அண்ணா, தயவுசெய்து நீங்கள் அங்கேயே இருங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் பெரிய உடம்புக்காரர். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுத்தேன்.